மெயில் திரும்பி வருதா? முதல்ல உங்க ஐபிக்கு பேர் இருக்கான்னு பாருங்க

பாரிஸ் கார்னர்ல ஹார்டுவேர் கடை வச்சிருக்கிற அண்ணாச்சி ஒருத்தருக்கு விபிஎஸ், அதாவது வாடகை சர்வர் எடுத்து மெயில் சர்வர் போட்டுக் குடுத்தேன். கடைக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் அனுப்பினா போகுது, ஜிமெயில் வச்சிருக்கிற கஸ்டமருக்கு கொட்டேஷன் அனுப்பினா மட்டும் போன வேகத்துல திரும்பி வருது. "ஏன் தம்பி, நடந்து போய் குடுத்திருந்தாலே இந்நேரம் சேந்திருக்குமே"ன்னாரு. நான் மெயில் நிஜமா நம்ம டொமைன்ல இருந்துதான் வருதான்னு காட்டுற எஸ்பிஎஃப், டிகேஐஎம் செட்டிங்க ரெண்டு நாள் குடைஞ்சுட்டு அப்புறமா திரும்பி வந்த பவுன்ஸ் மெயில ஒழுங்கா படிச்சா, 550-5.7.25னு நம்பர் போட்டு அனுப்புற ஐபிக்கு, அதாவது சர்வரோட இன்டர்நெட் நம்பருக்கு, பிடிஆர் ரெக்கார்டு இல்லன்னு தெளிவா எழுதியிருக்கு. முதல் நாளே படிச்சிருக்கலாம், என்ன பண்றது.

விஷயம் இதான். டிஎன்எஸ்ங்கிறது இன்டர்நெட்டோட பேர்-நம்பர் டைரக்டரி. அதுல ஏ ரெக்கார்டு பேர குடுத்தா ஐபி சொல்லும், பிடிஆர் ஐபிய குடுத்தா பேர் சொல்லும், இந்த ரெண்டாவதுக்கு பேர்தான் ரிவர்ஸ் டிஎன்எஸ். நம்ம ஊர்ல பாதி தெருவுல பழைய நம்பர் புது நம்பர்னு ரெண்டு இருக்கும்ல, விலாசத்துல ஒண்ணு கேட்டுல இன்னொண்ணுன்னு இருந்தா டெலிவரிக்கு வர்றவர் வாசல்ல நின்னு முழிப்பாரு. மெயில் வாங்குற சர்வரும் அப்படித்தான், ஆனா அது முழிக்காது, நேரா கதவ சாத்திடும். 2024 பிப்ரவரியில இருந்து கூகுள் இத எல்லா அனுப்புநருக்கும் கட்டாயமாவே ஆக்கிடுச்சு.

ஸ்டெப் 1: இருக்கான்னு பாருங்க. லினக்ஸ் டெர்மினல்ல டிக் (dig) கமாண்டு போட்டு, மைனஸ் எக்ஸ் (-x) ஆப்ஷனோட உங்க சர்வர் ஐபிய குடுங்க, விண்டோஸ்னா என்எஸ்லுக்கப் (nslookup) போதும். பேர் ஒண்ணும் வரலைன்னா ரெக்கார்டு இல்ல. உள்ளுக்குள்ள நடக்கிறது என்னன்னா, 203.0.113.25ங்கிற ஐபிய 25.113.0.203னு திருப்பிப் போட்டு, பின்னாடி இன்-ஆட்ர் டாட் ஆர்பா (in-addr.arpa) ஒட்டி அதத் தேடும்.

ஸ்டெப் 2: யார்கிட்ட போறது? இங்கதான் புதுசா வர்றவங்க எல்லாரும் வழுக்கி விழுவாங்க, நானும் விழுந்தேன். டொமைன் வாங்கின இடத்துல போய் பிடிஆர் சேர்த்தா அது சேரும், சேவ் ஆகும், பச்சை டிக் கூட வரும், ஆனா உலகத்துல யாரும் அங்க வந்து கேக்க மாட்டாங்க. டொமைன் உங்களோடது, ஐபி உங்களோடது இல்ல, நீங்க வாடகைக்கு இருக்கீங்க, அதனால வீட்டு ஓனர்தான் போர்டு மாட்டணும், அதாவது ஹோஸ்டிங் கம்பெனி இல்லன்னா இன்டர்நெட் குடுக்கிற ஐஎஸ்பி. சில பேர் கண்ட்ரோல் பேனல்லயே ரிவர்ஸ் டிஎன்எஸ்னு ஒரு கட்டம் வச்சிருப்பாங்க, இல்லன்னா அவங்க சப்போர்ட்டுக்கு டிக்கெட் போடுங்க. மாறிக்கிட்டே இருக்கிற ஐபியோட வர்ற வீட்டு பிராட்பேண்டுல இது பெரும்பாலும் நடக்காது, அங்க மெயில் சர்வர் வைக்கிற ஆசைய விட்டுடுங்க.

ஸ்டெப் 3: ரெண்டு பக்கமும் ஒத்துப் போகணும். பிடிஆர்ல வர்ற பேர எடுத்து மறுபடி ஏ ரெக்கார்டு தேடினா அதே ஐபி வரணும். மெயில் சர்வர் எதிர் சர்வர்கிட்ட ஹெலோ (HELO) சொல்லி அறிமுகம் ஆகுறப்ப குடுக்கிற பேரும் அதே பேரா வச்சுக்கோங்க. கம்பெனிக்காரங்க டீஃபால்ட்டா ஐபி நம்பரையே பேருக்குள்ள சொருகி ஒரு நீளமான பேர் குடுத்திருப்பாங்க, அத அப்படியே விட்டா சில ஸ்பேம் ஃபில்டர் சந்தேகமாத்தான் பாக்கும்.

ஸ்டெப் 4: சர்வர்ல ஐபிவி6, அதாவது புது வகை நீள ஐபி இருந்தா அதுக்கும் தனியா பிடிஆர் வேணும். பழைய வகையான ஐபிவி4க்கு எல்லாம் சரியா வச்சுட்டு, மெயில் ஐபிவி6 வழியா போய் அடி வாங்குறவங்க நிறைய. போட முடியலைன்னா மெயில மட்டும் ஐபிவி4 வழியா அனுப்ப வைங்க.

மெயில் இல்லாத சர்வர்லயும் இது கடிக்கும். தூரத்துல இருந்து சர்வருக்குள்ள போற எஸ்எஸ்ஹெச்ல லாகின் பண்ணா பத்து இருபது செகண்டு சும்மா நிக்குதா? சர்வர் உங்க ஐபியோட பேர தேடிட்டு இருக்கலாம். "இல்ல"ன்னு உடனே பதில் வந்தா லேட் ஆகாது, பதிலே வராம காத்திருந்தாதான் இந்த இழுவை. எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக்ல (sshd_config) யூஸ்டிஎன்எஸ்ங்கிறத (UseDNS) நோன்னு மாத்துங்க, புது வெர்ஷன்ல டீஃபால்ட்டே அதுதான்.

மாத்தினதும் உடனே தெரியலன்னு பதறாதீங்க, மத்த சர்வருங்க சேமிச்சு வச்சிருக்கிற பழைய பதில் கேஷ்ல (cache) இருந்து போக கொஞ்ச நேரம் ஆகும். அண்ணாச்சிக்கு நான் டிக்கெட் போட்டது காலைல, கொட்டேஷன் போய் சேந்தது சாயங்காலம்.