இஆர்பி போட ஆள் தேடுகிறீர்களா? சாயப்பட்டறைக் கணக்கைக் கேளுங்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு இஆர்பி மென்பொருள் (கொள்முதல், ஸ்டாக், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்ப்பது) போட வருகிற ஆலோசகரிடம், டெமோ பார்ப்பதற்கு முன்பே ஒன்று கேளுங்கள்: "துணியைச் சாயத்துக்கு அனுப்புகிறேன், எடை குறைந்து திரும்பி வருகிறது. அந்தக் குறைவை எங்கே பதிவீர்கள்?" இந்தத் தொழிலில் புழங்கியவர் உடனே எதிர்க்கேள்வி போடுவார்: என்ன நிறம், எத்தனை சதவீதம் வரை ஒத்துக்கொள்வீர்கள், கணக்கு லாட் (ஒரே தடவையில் சாயம் போட்ட துணி) வாரியாகவா, ஆர்டர் வாரியாகவா? மற்றவர் "அதெல்லாம் கஸ்டமைஸ் பண்ணிக்கலாம் சார்" என்பார். அதற்குத்தான் அப்புறம் தனி பில் வரும்.

நூலும் கிலோ, துணியும் கிலோ; கட்டிங் மேசையில்தான் அது பீஸ் ஆகிறது, நிறம், சைஸ் என்று பிரிகிறது. கடைக்கு ஸ்டாக் கணக்குப் போட்டுப் பழகியவர் இடறுவது இங்கேதான். ஜாப் ஒர்க்கும், அதாவது வெளியே கொடுத்துச் செய்து வாங்கும் வேலையும், அப்படியே. வெளியே அனுப்பிய துணி ஜிஎஸ்டி சட்டப்படி 1 வருடத்துக்குள் திரும்ப வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனைக்குப் போக வேண்டும். செலான் (துணியோடு அனுப்பும் சீட்டு) வாரியாக, இன்னும் திரும்பாத நிலுவையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

சான்றிதழ் இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் பேச வருபவர் ஒருவர், வேலைக்கு வருபவர் இன்னொருவர் என்பது சகஜம். அதனால் உங்கள் ஃபேக்டரியில் உட்காரப் போகிறவரின் பெயரை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அவர் முன்பு வேலை செய்த கம்பெனியின் ஸ்டோர் கீப்பரிடமும் பேசிவிடுங்கள். அங்கே இன்னும் எக்செல்லில்தான் கணக்கு ஓடுகிறதா என்பது முதலாளியைவிட அவருக்குத்தான் தெரியும்.