குலுக்கல் போட்டார்களா என்று பாருங்கள்

உளவியல் ஆய்வு பற்றிய செய்தியைப் படித்தால், ஆட்களைக் குலுக்கல் முறையில் குழு பிரித்தார்களா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் ‘இதனால்தான் அது’ என்ற தலைப்பை அப்படியே நம்ப வேண்டாம்.

தாமாகவே தியானத்துக்கு வந்தவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்றால், நிம்மதியானவர்களே தியானத்துக்கு வந்திருக்கலாம். நேரமும் வசதியும் உள்ளவர்களாகவும் இருக்கலாம். யார் தியானம் செய்வது, யார் செய்யாமல் இருப்பது என்று குலுக்கிப் பிரித்தால், குழுக்கள் பெரிதாக இருக்கும்பட்சத்தில், இந்த வேறுபாடுகள் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகிவிடும். கருத்துக்கணிப்புக்கு ஆட்களைக் குலுக்கித் தேர்ந்தெடுப்பது வேறு விஷயம், அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

புகைபிடித்தல் போன்ற தீங்குகளுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. யாரையும் புகைக்கச் சொல்லிச் சோதிக்க முடியாதே! அங்கே புகைக்கும், புகைக்காத மருத்துவர்களை ஒப்பிட 1951இல் தொடங்கிய பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஆய்வு போல, பல்லாண்டு தொடர்ந்து கவனித்த சான்றுகளைத்தான் பார்க்க வேண்டும்.