இ.டபிள்யூ.எஸ். மனை: வரைபடத்தில் மட்டும் இருந்தால் போதாது

போன மாதம் சேலம் அஸ்தம்பட்டியில் என் அலுவலகத்துக்கு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். புதிதாக லைசென்ஸ் வாங்கிய சர்வேயர்கள். லேஅவுட் வரைபடத்தை மேசையில் விரித்து, "அண்ணா, பத்து சதவீதம் சரியா வந்திருக்கா, பாருங்க" என்றார்கள். கணக்கு சரிதான். ஆனால் அதைப் பார்க்கப் பார்க்க, சில வருடங்களுக்கு முன்பு நானே போட்ட வரைபடத்தைப் பார்ப்பது போல இருந்தது. நான் விட்ட இடங்களிலேயே அவர்களும் விட்டிருந்தார்கள்.

பெரிதாக மனை பிரிக்கிறவர் அதில் ஒரு பங்கைக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு விட வேண்டும். ஏழைகளை ஊருக்கு வெளியே தள்ளாமல், ஊர் வளரும்போதே அவர்களுக்கும் அதில் இடம் வைக்கிற வழி இது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி, 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் லேஅவுட்டில் சாலை போக மீதியில் 10 சதவீதம் இ.டபிள்யூ.எஸ்., அதாவது பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான மனையாக வேண்டும். சாலை அகலம், ஓ.எஸ்.ஆர். (பொதுவுக்கு விடும் திறந்தவெளி) போன்றவற்றில் வரும் பிழைகளை யாரும் திருத்திவிடுவார்கள். அவற்றை இங்கே விட்டுவிட்டு, யாரும் கவனிக்காதவற்றை மட்டும் சொல்கிறேன்.

இரண்டரை ஏக்கருக்குச் சற்றுக் கீழே

10,000 சதுர மீட்டர் என்பது 2.47 ஏக்கர். அதைத் தாண்டாமல் இருக்க, அண்ணன் பெயரில் 2.4, தம்பி பெயரில் 2.4 என்று இரண்டு கோப்புகள் வரும். நடுவில் ஒரு வேலிக்கல் இருக்கும், சாலை மட்டும் ஒன்றில் புறப்பட்டு இன்னொன்றில் போய் முடியும். இரண்டும் ஒரே தாய்ப்பத்திரத்திலிருந்து பிரிந்தவையா என்று பாருங்கள். சதவீதத்தை உயர்த்து என்று கேட்கிறவர்கள் முதலில் இந்த எல்லையைக் கீழே இறக்கக் கேட்க வேண்டும். மகாராஷ்டிரம் 2013-ல் 4,000 சதுர மீட்டரிலேயே எல்லையை வைத்தது. அதாவது கிட்டத்தட்ட ஒரு ஏக்கர்.

பத்திரத்தில் எழுதாமல் விடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

2020-ல் கன்னங்குறிச்சிப் பக்கம் நான்கு ஏக்கருக்கு வரைபடம் போட்டேன். சாலை போக மூன்று ஏக்கர் தேறியது. அதில் பத்து சதவீதம் முப்பது சென்ட். 600 சதுர அடி வீதம் 21 மனைகள். ஒவ்வொன்றிலும் 'இ.டபிள்யூ.எஸ்.' என்று எழுதினேன். அனுமதி வந்தது, என் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

பள்ளப்பட்டியிலிருந்து ஒரு கொலுசுத் தொழிலாளி மனைவியோடு மனை பார்க்க வந்தார். பற்றவைத்துப் பற்றவைத்து விரல் நுனிகள் கறுத்திருந்தன. முப்பது அடியையும் இருபது அடியையும் தன் பாதத்தாலேயே அளந்தார். மூலைக்கல் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "இங்க அடுப்பு, இங்க பட்டறை" என்று மனைவிக்குக் கையால் காட்டினார். மறு வாரம் முன்பணத்தோடு போனபோது அந்த வரிசையே விற்றுப்போயிருந்தது.

இரண்டு வருடம் கழித்து அந்தப் பக்கம் போனேன். அடுத்தடுத்த மூன்று மனைகளைச் சேர்த்து ஒரே காம்பவுண்டு சுவர். உள்ளே மாடி வீடு, கார் நிற்க போர்ட்டிகோ. கணவர், மனைவி, மைத்துனர் என்று மூன்று பெயரில் மூன்று பத்திரங்கள். இந்த மனைகளை ஏழைகளுக்கு மட்டுமே விற்க வேண்டும், மாற்றவோ இணைக்கவோ கூடாது என்று விதி சொல்கிறது. ஆனால் அந்த விதி அனுமதிக் கோப்போடு நின்றுவிட்டது. பத்திரத்தில் மனை எண், நீள அகலம், நான்கெல்லை தவிர வேறு எதுவும் இல்லை. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாலும் அது ஏழைக்கு ஒதுக்கிய மனை என்று தெரியாது. பத்திர நகலைக் கேட்டு வாங்கி, சொத்து விவரத்தில் அந்த ஒரு வரியைச் சேர்த்திருக்க வேண்டியவன் நான்.

அதனால் பத்திரம் எழுதும்போதே உடன் இருங்கள். இது எந்த வகை மனை, யாருக்கு விற்கலாம், இணைக்கக் கூடாது என்பதெல்லாம் சொத்து விவரத்திலேயே வர வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஆர்வத்தில் 'என்றைக்கும் விற்கவே கூடாது' என்று எழுதிவிடாதீர்கள். சொத்து மாற்றச் சட்டம் 1882-ன் 10-வது பிரிவின்படி அப்படி முழுசாகத் தடுக்கும் நிபந்தனை செல்லாது. விற்பதானால் குறித்த விலைக்கு வீட்டுவசதி வாரியமோ உள்ளாட்சியோ முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை உண்டு என்று எழுதலாம். இல்லையென்றால் நிலத்தைக் குத்தகையாகக் கொடுக்கலாம், அதில் இந்த மாதிரி நிபந்தனைக்குச் சட்டமே இடம் தருகிறது.

அப்புறம், எத்தனை வருடம் என்பது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து மாண்ட்கோமரி கவுண்டியில் 1974-லிருந்தே இந்த முறை நடைமுறையில் இருக்கிறது. தொடக்கத்தில் விலைக் கட்டுப்பாடு ஐந்து வருடம்தான், பிறகு பத்து. கெடு முடிய முடிய வீடுகள் சந்தை விலைக்குப் போய்விட்டன. 2005-ல் விற்கும் வீட்டுக்கு 30 வருடம், வாடகை வீட்டுக்கு 99 வருடம் என்று மாற்றினார்கள். கைவிட்டுப் போன வீடுகள் போனவைதான். நாம் அந்த முப்பது வருடப் பாடத்தைத் திரும்பவும் முதலிலிருந்து படிக்க வேண்டாமே.

பணமாகக் கட்டிவிடுகிறோம் என்பது

மனைக்குப் பதிலாகப் பணம் என்று புரமோட்டர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பணம் வரும், அதே தெருவில் நிலம் வராது.

எஃப்.எஸ்.ஐ. கூட்டித் தருவது

மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் எஃப்.எஸ்.ஐ. ஏழைகளுக்கு இடம் விடுவதற்கு ஈடாக அதைக் கூட்டித் தரலாம் என்பார்கள். மும்பையில் கூடுதல் பரப்பு என்றால் காசு. இங்கே சாதாரணக் கட்டடத்துக்குக் கிடைக்கும் 2.0-வையே பலர் முழுதாகக் கட்டுவதில்லை. சேலத்து புரமோட்டருக்கு அனுமதி சீக்கிரம் கிடைப்பதுதான் பெரிய சலுகை.

தறியை மறப்பது

அம்மாபேட்டை, குகை பக்கத்துக் கைத்தறிக் குடும்பத்துக்கு வீடுதான் பட்டறை. குழித்தறிக்குத் தரையைத் தோண்ட வேண்டும். கால் வைக்கிற அந்தக் குழியை மூன்றாவது மாடியில் எங்கே தோண்டுவது? விதிப்படி அடுக்குமாடியில் ஒரு சின்ன வீட்டைக் கட்டிச் சாவியைக் கொடுத்தாலும், தறி பழைய வீட்டிலேயே நின்றுவிடும். தறிக்காரர் காலையில் ஒரு பஸ், இரவில் ஒரு பஸ் என்று அலைவார். இரண்டே மாதத்தில் புது வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவார். நெசவாளர்கள், கொலுசுத் தொழிலாளர்கள் வரக்கூடிய இடமென்றால் தரைத்தளத்தையோ தனி மனையையோ அவர்களுக்கு வையுங்கள். அடுக்குமாடித் திட்டங்களில் இரண்டு கிலோமீட்டருக்குள் வேறு இடத்தில் கட்டித் தரவும் வழி இருக்கிறது. அந்த இடத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நேரில் போய்க் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஏற்காடு

மலைப்பகுதிக்குத் தனி விதிகள். அங்கே லைன் வீட்டில், அதாவது எஸ்டேட் கட்டித் தந்த வரிசை வீட்டில், இருக்கும் எஸ்டேட் தொழிலாளிக்கு இந்தப் பத்து சதவீதம் ஒரு வீடும் தராது.