குழுவிலிருந்து வீட்டுத் திண்ணைக்கு: என் அனுபவம்

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில், வாடகை மண்டபத்தில் எங்கள் கிறிஸ்தவ சபையைத் தொடங்கியபோது வாட்ஸ்அப் குழுவே எங்களை இணைக்கும் என்று நம்பினேன். வசனப் படங்களும் ஆமென்களும் குறையின்றி வந்தன. ஆனால் ஆலைத் தொழிலாளி ஒருவர் மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. "குழுவில் எப்படி அண்ணா அழுவது?" என்று அவர் மனைவி கேட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி குழுவை மாற்றினேன். அறிவிப்புக்கு அது போதும். பிறகு வேதாகமத்தில் அப்போஸ்தலர் 2:46 சொல்வதுபோல வீடுதோறும் அப்பம் பிட்க, அதாவது கூடி ஜெபித்து ஒன்றாகச் சாப்பிடத் தொடங்கினோம். கஞ்சிக்கோடு, வாளையாறு, சந்திரநகர் என மூன்று கூட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு குடும்பங்கள். ஷிப்ட் மாறுவதால் கிழமையை வாராவாரம் பேசித்தான் முடிவு செய்கிறோம். சாப்பாடு கஞ்சியும் பயறும் மட்டுமே என்று கண்டிப்பாகச் சொன்னேன். விருந்தாகிவிட்டால் ஏழை வீடுகள் கூட்டத்தை ஏற்கத் தயங்கும். மலையாளம் மட்டுமே படித்த பிள்ளைகளுக்குப் பாட்டிமார் தமிழ் வேதாகமத்தை வாசித்துக் காட்டுகிறார்கள். வராதவரை அன்றிரவே ஒருவர் தொலைபேசியில் அழைத்துப் பேசுகிறார்.

போன மாதம், அன்று என்னிடம் அப்படிக் கேட்ட அந்த அக்கா வீட்டில் கூட்டம். எல்லார் முன்னும் அழுதார். நள்ளிரவுவரை யாரும் எழுந்து போகவில்லை.