காயலான் கடை இரும்புல கேம்பர் ட்ரெய்லர்: எது பழசு வாங்கலாம், எது கூடாது

எங்க ஊரு கம்பம், ஆனா வருஷத்துல பாதி நாள் மலையிலதான். கம்பம்மெட்டு தாண்டி கேரளா பக்கம் மச்சானோட ஏலக்காடு இருக்கு, காய் எடுப்பு நேரத்துல அங்கயே தங்கணும், லயத்துல (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுல) இடம் இருக்காது, அந்த மழைக்கு டென்ட்டும் நிக்காது. அதனால ஜீப்புக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற மாதிரி, ரெண்டு பேரு படுக்க ஒரு பொட்டி, பின்கதவைத் தூக்கினா அடுப்படி, அப்படி ஒண்ணை முக்காவாசி பழைய சாமான்லயே கட்டினேன். கட்டி முடிக்க எட்டு மாசம் ஆச்சு.

இதைப் பாத்துட்டு கேக்குறவங்க எல்லாருமே ஜன்னல் எங்க வாங்குன, மெத்தை எத்தனை இஞ்ச்சுன்னுதான் ஆரம்பிக்கிறாங்க. தயவுசெஞ்சு கீழ இருந்து ஆரம்பிங்க. பொட்டி ஒழுகினா ஒரு ராத்திரி தூக்கம் போகும் அவ்வளவுதான், ஆனா போடிமெட்டு ரோட்டுல 17 கொண்டை ஊசி இருக்கு, அதுல ஒண்ணுல ஆக்ஸில் ஒடிஞ்சா பின்னாடி பைக்குல வர்றவன் உயிர் போகும்.

அதுக்கும் முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான், ரெஜிஸ்டர் பண்ணாம ரோட்டுல இறக்க முடியாது. என்ன அளவு, என்ன பேப்பர், எந்த மாதிரி டிசைனுக்கு ஒத்துக்குவாங்கன்னு இரும்பை வெட்டுறதுக்கு முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க, கட்டி முடிச்சிட்டுப் போய் நின்னா அலைச்சல்தான். எங்களுக்கு ரெண்டு ஸ்டேட்டு வேற, செக்போஸ்ட்டுல ரெண்டு பக்கமும் நிறுத்துவாங்க. இழுக்குற வண்டியோட நம்பர் ட்ரெய்லர் பின்னாடியும் தெரியணும், அதையும் மறக்காதீங்க. பழைய சாமான் எது வாங்கினாலும் பில்லு வாங்குங்க, அது எந்த வண்டில இருந்து கழட்டினதுன்னு நாளைக்கு யாராவது கேட்டா நம்ம கையில காகிதம் இருக்கணும்.

சரி, ஆக்ஸில். கடையில ஜீப்போட பின் ஆக்ஸிலை அப்படியே தலையில கட்டப் பாப்பாங்க. நடுவுல இருக்குற டிஃபரன்ஷியல் குண்டு நமக்கு வெட்டி எடை, அதுவும் போக காட்டுப்பாதைல கல்லுல முதல்ல இடிக்கிறதே அதுதான். நான் ஜீப்போட முன்பக்க ஹப்பு (சக்கரத்தை நட்டு போட்டு மாட்டுற நடுப்பகுதி) ரெண்டு மட்டும் பழசு வாங்கிட்டு, லேத் பட்டறைல 50 எம்.எம். சதுர ராடு புதுசா எடுத்து ரெண்டு முனையும் பேரிங் அளவுக்குக் கடைஞ்சு வாங்கினேன். கடையும்போது ஒரு விஷயம், சதுரம் முடிஞ்சு உருண்டை ஆரம்பிக்கிற அந்த மூலை செங்குத்தா வெட்டின மாதிரி இருக்கக்கூடாது, லேசா வளைஞ்சு இறங்கணும். கூர் மூலையில இருந்துதான் விரிசல் கிளம்பும். பட்டறை அண்ணன்கிட்ட பக்கத்துலயே நின்னு "அண்ணே, அந்த மூலைய உருட்டி விடுங்க"ன்னு சொல்லி, முடிஞ்சதும் நகத்தை வச்சுத் தடவிப் பாத்தேன், நகம் எங்கயும் மாட்டாம வழுக்கிட்டுப் போகணும்.

ஜீப் ஹப்பு எதுக்குன்னா, என் ஜீப்புல 5 நட்டு, நட்டு வட்டம் 139.7 எம்.எம்., ட்ரெய்லர்லயும் அதே இருந்தா ஒரே ஸ்டெப்னி ரெண்டு வண்டிக்கும் உதவும். சக்கரத்துக்கு சக்கரம் அகலமும் ஜீப் அளவே வைங்க, அப்பதான் ஜீப் போன தடத்துலயே ட்ரெய்லரும் வரும், இல்லன்னா அது தனியா ஒரு தடம் போட்டு சேத்துல இழுத்துக்கிட்டே இருக்கும்.

இதுல நான் ஒரு தப்பு பண்ணேன். ஹப்போட கூடவே வந்த பழைய பேரிங்கு பாக்க நல்லா இருந்துச்சு, டீசல்ல கழுவினதும் பளபளன்னு வேற ஆயிடுச்சு, கிரீஸ் வச்சு மாட்டிட்டேன். முதல் தடவை மலை இறங்கும்போது ஏதோ கருகின வாடை, நிறுத்திட்டு ஹப்புல கை வச்சா ரெண்டு செகண்டு கூட வைக்க முடியல, கிரீஸ் உருகி ரிம்முல வழிஞ்சிருக்கு. கழட்டிப் பாத்தா வெளி வளையத்துல அரிசி அரிசியா சின்னப் பள்ளம். கழுவினப்பவே டார்ச் அடிச்சு, வளையத்தைச் சுத்திப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அன்னைக்கு முடிவு பண்ணதுதான், பேரிங்கு, ஆயில் சீல், யூ போல்ட்டு (ஸ்பிரிங் பட்டையை ஆக்ஸிலோட கட்டிப் பிடிக்கிறது), ஷேக்கிள் புஷ்ஷு (அந்தப் பட்டை முனை ஆடுற இடத்துல வர்ற குழல்), கொக்கி, பாதுகாப்புச் சங்கிலி, டயரு இத்தனையும் புதுசு, மீதி எல்லாம் பழசா இருந்துட்டுப் போகட்டும். பேரிங்கு மாட்டும்போது சக்கரத்தைச் சுத்திக்கிட்டே நட்டை இறுக்கி, அப்புறம் கொஞ்சம் தளர்த்தி லாக் பண்ணுங்க, சக்கரம் தடையில்லாம சுத்தணும், மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா லொடக்குன்னு சத்தமும் வரக்கூடாது.

கமான் பட்டை, அதாவது ஆக்ஸிலுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல வர்ற ஸ்பிரிங் பட்டை அடுக்கு, பழசே போதும். ஆனா ஜீப்புக்குப் போட்டது ட்ரெய்லருக்கு ரொம்ப விறைப்பு, அப்படியே மாட்டினா உள்ள வச்ச தட்டெல்லாம் குதிச்சு விழும். மெயின் பட்டையை விட்டுட்டு கீழ இருந்து ஒண்ணு ரெண்டு எடுத்துட்டு ஏத்திப் பாருங்க. பட்டை மேல வெல்டிங் பத்தவைக்கவே கூடாது, சூடு பட்ட இடத்துல முறிஞ்சிடும். ஆக்ஸிலுக்கு மேல பட்டை உக்காந்தா வண்டி உசரும், கீழ தொங்கினா தாழும், காட்டுக்கு மேல உக்காரணும்.

ஃப்ரேமுக்கு 75 எம்.எம். சேனல் (ப வடிவ இரும்புச் சட்டம்). மூலைக்கு மூலை டேப் பிடிச்சு ரெண்டு அளவும் ஒண்ணா வந்தப்புறம்தான் முழு வெல்டிங், அதுவரைக்கும் புள்ளி புள்ளியா மட்டும் பிடிங்க. முன்னாடி போற ஏ வடிவ இழுவைக் கம்பி ஃப்ரேமோட முன் குறுக்குச் சட்டத்துல முட்டி நின்னுடக்கூடாது, அடில ஓடிவந்து கமான் பிராக்கெட் வரைக்கும் போய் சேரணும். ட்ரெய்லர் ஒடியுறது பெரும்பாலும் அந்த முன் சட்டத்துலதான், குழில இறங்கி ஏறும்போது ஒவ்வொரு தடவையும் அந்த இடம்தான் மடங்கி நிமிருது. அங்க சேனலோட மேல் கீழ் முகத்துல குறுக்கா வெல்டு போடாதீங்க, பக்கவாட்டுல நீளவாக்குல போடுங்க. இழுவைக் கம்பிக்கு வெல்டு போட 7018னு வர்ற வெல்டிங் ராடு, அது ஈரம் இழுத்திருந்தா வெல்டு உள்ளுக்குள்ள கெட்டுப்போகும், எங்க மழைக்காலத்துல பிரிச்ச பாக்கெட்டை அப்படியே எடுத்துப் பத்தவைக்காதீங்க, காயவச்சுத்தான். ஜி.ஐ. பைப்பு வெல்டு பண்றதா இருந்தா பூச்சை முதல்ல கிரைண்டர்ல எடுத்துட்டு வெட்டவெளில பண்ணுங்க, அந்த வெள்ளைப் புகையை இழுத்தா ராத்திரி குளிர்காய்ச்சல் அடிக்கும். பால் குடிச்சா சரியாயிடும்னு சொல்றாங்க, அதை நம்பாதீங்க.

எடை எங்க உக்காருதுன்றது எல்லாத்தையும் விட முக்கியம். 7 அடி பொட்டிக்கு நடுவுல இருந்து 4 இஞ்ச்சு பின்னாடி ஆக்ஸில் வச்சேன். மொத்த எடைல பத்துல ஒரு பங்கு கொக்கி மேல இறங்கணும், பின்பாரமா இருந்தா இறக்கத்துல வேகம் கூடும்போது ட்ரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும், அது ஆரம்பிச்சா பிரேக்கு போட்டு நிறுத்துறது கஷ்டம். எடை மேடைல ஏத்தினேன், சாமானோட 560 கிலோ. கொக்கி எடை பாக்க மச்சானோட ஏலக்கா மூட்டை நிறுக்குற தராசு மேல ஒரு கட்டைய நிறுத்தி அது மேல கொக்கி முனைய இறக்கினேன், 38 தான் காட்டுச்சு. பின்னாடி அடுப்படிக்குக் கீழ வச்சிருந்த 20 லிட்டர் தண்ணி கேன் மூணையும் ஆக்ஸிலுக்கு முன்னாடி நகட்டினதும் 57 வந்துச்சு. 60 லிட்டர் தண்ணின்னா 60 கிலோ, அதை மறந்துட்டு எல்லாரும் கடைசில மூலைல தள்ளுறாங்க.

கொக்கி விஷயத்துல ட்ராக்டர் பின்னு மாதிரி ஓட்டையும் கம்பியும் வேணாம், அந்த ஆட்டம் முதுகுலயே இடிக்கும். குண்டு கொக்கி ரோட்டுக்கு நல்லது, ஆனா பள்ளத்துல ஜீப் ஒரு பக்கமும் ட்ரெய்லர் ஒரு பக்கமும் சாயும்போது ஒரு அளவுக்கு மேல திரும்பாது. ராணுவ ட்ரெய்லர்ல வர்ற பின்டில் கொக்கி (ட்ரெய்லர் வளையத்தை வாய்க்குள்ள பூட்டிக்கிறது) சத்தம் போட்டாலும் நல்லா சுத்தும், நான் அதைத்தான் போட்டேன். அடில சங்கிலி ரெண்டு, பெருக்கல் குறி மாதிரி குறுக்கா, கொக்கி கழண்டாலும் இழுவைக் கம்பி அது மேல விழும், தரையில குத்தாது.

பொட்டிக்குத்தான் காயலான் கடை சொர்க்கம். கோயம்புத்தூர் உக்கடம் போய் ஒரு நாள் முழுக்க சுத்தினேன், உடைச்ச பஸ்ஸோட அலுமினியத் தகடு, தள்ளுக் கண்ணாடி ஜன்னல் ஃப்ரேமோட, தரைக்குப் போடுற புள்ளித் தகடு எல்லாம் அங்கயே கிடைச்சுது. கரூர்ல பஸ் பாடி கட்டுற பட்டறைங்கள்ல மிச்சத் துண்டும் கேட்டுப் பாக்கலாம். அலுமினியமும் இரும்பும் நேரா ஒட்டினா நம்ம ஈரத்துக்கு ரெண்டே மழையில வெள்ளையாப் பூத்து அரிக்கும், நடுவுல பழைய ட்யூப் ரப்பரை வெட்டி வச்சு ரிவெட்டு அடிங்க. சந்துல எல்லாம் பி.யூ. (பாலியூரிதேன்) சீலண்ட்டு, பாத்ரூமுக்குப் பூசுற சிலிக்கான் மேல பெயிண்ட்டு நிக்காது, ஆட்டத்துல பிரிஞ்சும் போகும். குமுளில ஒரு வெல்டிங் சேட்டன் ஒரு யோசனை சொன்னாரு, கூரையை ஒரு விரக்கடையாவது ஒரு பக்கம் சாய்ச்சு வை, தட்டையா வச்சா மழை நின்னாலும் தண்ணி நிக்கும்னு. சொன்னபடியே செஞ்சேன், ரெண்டு தென்மேற்கு மழை பாத்தாச்சு, சொட்டு இல்ல.

கரண்ட்டு ரொம்ப யோசிக்காதீங்க, 100 வாட் பேனல் ஒண்ணு, பேட்டரி ஒண்ணு, ரெண்டு லைட்டு, போன் சார்ஜ். ஃப்யூஸ் மட்டும் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துலயே இருக்கணும், ஒயர் ஆடி ஆடி உரசி ஷார்ட் ஆனா அதுதான் காப்பாத்தும்.

கேஸை உள்ள வைக்காதீங்க. 5 கிலோ சிலிண்டர் முன்னாடி இழுவைக் கம்பி மேல தனிப் பொட்டில, அந்தப் பொட்டிக்கு அடில ஓட்டை, ஏன்னா சமையல் கேஸு காத்தை விட கனம், கசிஞ்சா கீழதான் தங்கும். மலைக் குளிருக்குக் கரியடுப்பை உள்ள வச்சுக் கதவைச் சாத்திட்டுத் தூங்குறது மட்டும் செஞ்சுடாதீங்க, அந்தப் புகைக்கு வாடை கூட வராது, தூக்கத்துலயே போயிடுவாங்க. படுக்குற இடத்துல மேல ஒண்ணு கீழ ஒண்ணு காத்து ஓட்டை எப்பவும் திறந்தே இருக்கணும், கொசுவலை அடிச்சு விடுங்க.

முதல் ஓட்டம் காலி வண்டியா, பகல்ல, சமதரையில. 10 கிலோமீட்டர்ல நிறுத்தி ரெண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்க, இதமா சூடு இருக்கலாம், கை வைக்க முடியலன்னா நட்டு இறுக்கம். 100 கிலோமீட்டர்ல யூ போல்ட்டு எல்லாம் திரும்ப இறுக்குங்க, புதுசு கண்டிப்பா தளர்ந்திருக்கும். மலை இறங்கும்போது எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்குங்க. ஓடையில சக்கரம் முங்குற அளவு இறங்கியிருந்தா வீடு வந்ததும் ஹப்பு மூடியைக் கழட்டிப் பாருங்க, கிரீஸு பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தா தண்ணி உள்ள போயிருக்கு, முழுசா வழிச்செடுத்துட்டுப் புதுசு வைங்க, சீலையும் மாத்திடுங்க.