நிட்டினால் கம்பியைச் சூடில்லாமல் உருமாற்றுவது: ஒரு வாளியும் கொஞ்சம் தண்ணீரும்

வடிவ நினைவு உலோகம் (நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் அதில் ஒன்று) என்றால் வெந்நீரில் போட்டதும் நிமிரும் கம்பிதான் பலருக்கும் ஞாபகம் வரும். சூடே காட்டாமல், வெறும் இழுவிசையாலும் அதன் படிக அமைப்பை மாற்றலாம். புதுச்சேரியில் எங்கள் வீட்டு மாடிப்படிக் கைப்பிடியில் தொங்கவிட்டுச் செய்த முறை இது.

1. கம்பி: நிட்டினாலில் 'சூப்பர் எலாஸ்டிக்' வகை (இழுத்து விட்டால் சூடில்லாமலே பழைய நீளத்துக்குத் திரும்புவது), 0.3 மி.மீ. தடிமன், நேரானது, அரை மீட்டர் போதும். பல் கிளிப் கம்பியும் இதே உலோகம்தான். ஆனால் வளைந்திருக்கும், நீளமும் பற்றாது. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

2. பிடிமானம்: பாதிப் பேருக்குச் சோதனை கெடுவது இங்கேதான். முடிச்சுப் போட்டால் அந்த இடத்திலேயே அறும். பிளையரால் நசுக்கினாலும் அதே கதி. போல்ட்டில் நாலைந்து சுற்று சுற்றி, நுனியை மட்டும் இரண்டு வாஷர்களுக்கு நடுவே வைத்து நட்டை முறுக்குங்கள். அப்போதும் லேசாக வழுக்கும். வழுக்குவது நீள்வது போலவே தெரியும். அதனால் கம்பியின் நடுப்பகுதியில் 30 செ.மீ. இடைவெளியில் மார்க்கரால் இரண்டு புள்ளிகள் வைத்து, அவற்றுக்கு இடையே மட்டும் அளந்து பாருங்கள்.

3. எடை: கீழே வாளி, வாளிக்கடியில் பழைய தலையணை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். முதலில் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். வாளியோடு சேர்த்து 3, 4 கிலோ வாக்கில், ஊற்றுவதை நிறுத்தினாலும் வாளி தானாகக் கீழே இறங்கும். கனசதுர அடுக்கிலிருந்த ஆஸ்டெனைட் என்ற படிக நிலை, சாய்ந்த அடுக்கு கொண்ட மார்ட்டென்சைட் என்ற நிலையாக மாறுவது அப்போதுதான். புள்ளிகள் ஒன்றரை செ.மீ.க்கு மேல் விலகும். சாதாரண எஃகுக் கம்பியை இவ்வளவு இழுத்தால் பழைய நீளத்துக்குத் திரும்பாது. 5 கிலோவைத் தாண்டாதீர்கள்.

4. திரும்புதல்: தண்ணீரை மொண்டு எடுங்கள். நீண்ட அதே எடையில் கம்பி சுருங்காது, கணிசமாகக் குறைந்த பிறகுதான் சுருங்கும். ஏறும் பாதையும் இறங்கும் பாதையும் வேறு வேறு.

சரி, கம்பி எப்போது இணங்கும் என்பதை வெயிலும் தீர்மானிக்கிறது. ஒரு டிகிரி கூடினால், உருமாற்றத்துக்குத் தேவையான தகைவு (கம்பியின் குறுக்குப் பரப்பில் விழும் இழுவிசை) சுமார் 6, 7 மெகாபாஸ்கல் கூடும். மார்கழிக் காலை 22 டிகிரி, கத்திரி மதியம் 37 என்று வைத்தால், இந்தத் தடிமனுக்கு ஏறக்குறைய 700 கிராம் தண்ணீர் அதிகம் வேண்டும். ஆகவே எடையோடு வெப்பநிலையையும் குறித்து வையுங்கள். உருமாறும்போது கம்பியே சூட்டை வெளிவிடும் என்பதால் அவசரமாக ஊற்றினாலும் கணக்கு மேலே போகும். நான் ஃபேனைப் போட்டுவிட்டுத்தான் ஊற்றுவேன்.

பின்சேர்க்கை: "வாளியை எடுத்தும் கம்பி சுருங்கவில்லை" என்று கடலூர் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் வாங்கியது சூடுபட்டால் திரும்பும் வகை. அது அறை வெப்பத்திலேயே மார்ட்டென்சைட்டாக இருக்கும். இழுத்தால் உள்ளிருக்கும் அடுக்குகள் திசை மாறி அப்படியே நிற்கும். கம்பி கெடவில்லை. கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் சுருங்கிவிடும். ஆனால் இந்தச் சோதனைக்கு அது உதவாது, வேறு கம்பிதான் வாங்க வேண்டும்.