ஈயச்சொம்பில் ரசம் வைக்கும் முன் ஒரு காகிதச் சோதனை

புதிதாக வாங்கிய ஈயச்சொம்பின் அடிவிளிம்பைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகத் துடைத்து, வெள்ளைத்தாளில் அழுத்தி இழுத்துப் பாருங்கள். பென்சிலால் கிழித்ததுபோல் சாம்பல்நிறக் கோடு தெளிவாக விழுந்தால், அதைச் சமையலுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

இச்சொம்பு வெள்ளீயத்தால் (டின்) செய்யப்பட வேண்டியது. ஆனால் விலை குறைவு என்பதற்காக நச்சு உலோகமான காரீயம் (லெட்) கலக்கப்படுவது உண்டு. வெள்ளீயத்தைவிட மென்மையான காரீயம் தாளில் எளிதில் தேய்ந்து தடம் பதிக்கும் என்பதே இச்சோதனையின் அடிப்படை. புளியும் தக்காளியும் சேர்ந்து கொதிக்கும் ரசத்தின் அமிலம் காரீயத்தைக் கரைக்கிறது. அவ்வாறு உடலில் சேர்வது எலும்பில் பல்லாண்டுகள் தங்கி, சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்களை மெல்ல மெல்லச் சிதைப்பதோடு, யூரிக் அமிலம் வெளியேறுவதையும் தடுக்கிறது. பாதிப்பு பெரும்பாலும் வலியின்றி வளர்வதும், சிறுநீரகச் செயல்திறன் ஏறத்தாழ பாதி குறையும்வரை இரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கழிவுப்பொருளான கிரியேட்டினின் அளவு இயல்பாகவே தெரியக்கூடும் என்பதும்தான் எனக்கு மிகுந்த கவலை தருகின்றன. காரீயத்தில் பாதுகாப்பான அளவு என ஒன்று அறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

கோடு விழவில்லை என்பதால் சொம்பு தூய்மையானது என்று உறுதிகொள்ள முடியாது; கலப்பு குறைவாக இருந்தால் இச்சோதனை அதைக் காட்டாது, எக்ஸ்ரே கருவியால் உலோகத்தைப் பகுத்தறியும் சோதனையே காட்டும். பித்தளைப் பாத்திரங்களின் மெல்லிய ஈயப்பூச்சுக்கும் இது பொருந்தாது. சந்தேகமான சொம்பை ஏற்கெனவே நெடுநாள் பயன்படுத்தியவர்கள், குறிப்பாகக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டினர், மருத்துவரிடம் கேட்டு இரத்தத்தில் காரீய அளவைப் பார்த்துக்கொள்ளவும்.